குச்சி ஊன்றாத இடம்

அந்தக் குச்சியைக் கொஞ்சம் காட்டுங்கள் தம்பி. பயப்படாதீர்கள், பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். கை பிடிக்கிற இடத்தில் மஞ்சள் துணி சுற்றி, நூல் வெளியே தெரியாமல் தைத்திருக்கிறதே, இது நாகரத்தினம் அக்கா கை. தையல் கடை வைத்திருக்கிறார்கள், வெட்டின துணி மிச்சம் எப்போதும் இருக்கும். எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார்கள். என்னுடையது கொஞ்சம் குட்டை.

அப்படியானால் இன்றைக்கு மலை உண்டு. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கூடி, வேன் பிடித்துப் போவீர்கள். அல்போன்ஸ் சார் விசில் ஊதி உங்களையெல்லாம் வரிசையில் நிறுத்துவார். டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர், விசில் இல்லாமல் அவருக்குப் பேசத் தெரியாது. என்னிடம் மலை ஏறுகிற குரூப்பைக் கலைத்தாயிற்று என்றுதான் சொன்னார். "இனிமே யாரும் எங்கயும் போறதில்ல புரொபசர், எல்லாரும் மனசு விட்டுப் போயிட்டாங்க" என்றார். நானும் சரி என்றேன். இப்போதுதான் மறுபடியும் ஆரம்பித்திருப்பார்களாக இருக்கும். போன் மாற்றும்போது சில நம்பர் விட்டுப் போவது உண்டு இல்லையா? நீங்கள் சேர்ந்த பிறகு எத்தனை மலை போனீர்கள்?

ஓ. அத்தனையா.

இல்லை, ஒன்றுமில்லை. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாமா, ராத்திரி முழுக்க முழித்தவனுக்குக் காலைக் காற்று கண்ணில் குத்தும். பைபாஸில் எடைமேடை இருக்கிறது பார்த்திருப்பீர்கள், லாரி ஏறி நிற்கும், எடை விழும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். நைட் டூட்டி மட்டும்தான். பகல் ஆள் வேறு. இரண்டு லாரிக்கு நடுவில் படிப்பேன். பழைய பேப்பர் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் கட்டிலிருந்து ஒன்றிரண்டு புத்தகம் உருவிப் போடுவார்கள். கோட்டை, கல்வெட்டு, ராஜாக்கள் என்றால் எனக்கென்று எடுத்து வைப்பார்கள். பாதிக்கு அட்டை இருக்காது. சிலதுக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. அந்தக் கோட்டை விழுந்ததா தப்பித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாதவை நாலைந்து உண்டு.

காவேரிப்பட்டணத்தில் நான் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் உங்களுக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். சேவல்கல் துர்க்கத்தில் என்ன நடந்தது என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள் இல்லையா? எனக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை தம்பி. சீத்தாபதி வாயால் ஒரு வார்த்தை. "தணிகாசலம் மேல தப்பு இல்லை, நான் குச்சி ஊன்றலை" என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இந்த பஸ்ஸில் வருகிறேன்.

தணிகாசலம் என்பது நான்தான். குரூப்பில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது, எல்லாருக்கும் புரொபசர். ஒன்பதாவதோடு நின்றவனை அப்படிக் கூப்பிட ஒரு பெரிய மனது வேண்டும். ஒரு வாசலைப் பார்த்தால் நான் நின்று சொல்ல ஆரம்பிப்பேன், எந்த ராஜா, எந்தப் பீரங்கி என்று. சொல்ல ஆரம்பித்ததும் அல்போன்ஸ் சார் விசில் ஊதுவார், எல்லாரும் நடந்துவிடுவார்கள். நடந்துகொண்டே கேட்டால்தான் மனதில் தங்கும் என்பது அவர் முறை. டிரில் மாஸ்டர் இல்லையா.

கொஞ்ச நாள் கழித்து என்னை வால் ஆக்கினார். இப்போது யார் வால்? புதுப் பையனா, சரி. வால் என்றால் ரயிலுக்குக் கார்டு மாதிரி. எல்லாருக்கும் கடைசியில் நடக்க வேண்டும், தனக்குப் பின்னால் ஒரு ஆள் விடக் கூடாது. பொறுப்பில்லாதவனிடம் அதைக் கொடுப்பார்களா? முன்னால் போகிறவர்களுக்கு நான் சொல்வது காதில் விழாது, அது ஒன்றுதான் குறை. திருப்பத்துக்குத் திருப்பம் முன்னாலிருந்து ஒரு நீள விசில் வரும். நான் கையைக் குவித்துக்கொண்டு கத்த வேண்டும், "பின்னால யாரும் இல்லை!" என்று. வீட்டிலும் அப்படித்தான், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அது வேறு கதை.

குச்சி விஷயம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்களே. தடத்தை விட்டு ஒதுங்குகிறவர் குச்சியைத் தடத்தின் நடுவில் ஊன்றிவிட்டுப் போக வேண்டும். மஞ்சள் கண்ணில் பட்டால் வால் அங்கேயே நிற்க வேண்டும். ஆள் திரும்பி வந்து குச்சியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போன பிறகுதான் வால் நகரலாம். பெண்கள் வருகிற குரூப், எங்கே போகிறாய் என்று கத்திக் கேட்க முடியாது, அதற்காக அக்கா கண்டுபிடித்த வழி. நல்ல வழி. குச்சி இருந்தால் நிற்கணும், இல்லையென்றால் நடக்கணும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

சீத்தாபதி மாங்கூழ் கம்பெனியில் சூப்பர்வைசர். மாம்பழ சீசனில் மட்டும் வர மாட்டார், மற்றபடி ஒரு மலை தவற விட்டதில்லை. சம்சாரம் இல்லை, ஒரு பெண் மட்டும். வேனில் என் பக்கத்தில் உட்கார்கிறவர் அவர் ஒருவர்தான். நான் சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் நிறுத்தினால், "சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்" என்பார். அப்படி ஒரு சிநேகம் எனக்கு இந்த வயதில் கிடைத்தது தம்பி.

அவரிடம் ஒரு பழக்கம். மலை உச்சியை விட்டு இறங்கும்போது எங்கேயாவது ஒதுங்குவார். எந்த மலையானாலும் சரி. குச்சி ஊன்றியிருக்கும், நான் நிற்பேன். நேரமாகும். சர்க்கரை இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வேன், கேட்டதில்லை. திரும்பி வரும்போது என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார். நான் அவருக்காக எடுத்து வைத்திருந்த விஷயத்தைச் சொல்லிக்கொண்டே கூட இறங்குவேன்.

சேவல்கல் துர்க்கத்துக்குத் தை மாதம் போனோம். நல்ல மலை. மூன்று வாசல், மூன்றாவது வாசலுக்குக் கீழே கூரை இல்லாத ஒரு பெரிய கட்டடம். சாந்து இல்லாமல் பலகைக் கல்லை அடுக்கியே கட்டின சுவர். நெல் களஞ்சியம் என்று சொன்னேன். "போன மலையிலயும் இதையேதான் களஞ்சியம்னீங்க, அதுக்கு முந்தின மலையில குதிரை லாயத்தையும் களஞ்சியம்னீங்க" என்று அக்கா சொன்னார்கள். அவர்கள் அப்படித்தான், வாயைக் கிளறுவார்கள். நான் பொருட்படுத்துவதில்லை.

அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கல் அடுக்கு ஒன்று இருந்தது. பார்த்திருப்பீர்கள், ஒன்றன் மேல் ஒன்றாகச் சின்னக் கல்லை அடுக்கி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டுதல். கோயில் இருக்கிற மலையில் செய்தால் சரி, போகட்டும் என்று விடலாம். இங்கே கோயிலே இல்லை. அடுக்கின கல் எங்கிருந்து வந்தது? சுவரிலிருந்து. அந்தக் காலத்தில் ஒருத்தன் கட்டின சுவரிலிருந்து உருவி எடுத்து எனக்கு வீடு கொடு என்று கேட்கிறான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. குச்சியால் தள்ளிவிட்டேன். காலால் இல்லை, காலால் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அது பொய்.

அக்கா முகம் மாறிவிட்டது. "யாரோ வேண்டிக்கிட்டு வெச்சிருக்காங்க, கலைக்கறீங்களே" என்றார்கள்.

"அடுத்தவன் வீட்டை இடிச்சு எடுத்த கல்லுல தனக்கு வீடு கேக்கறது என்னங்க வேண்டுதல்?" என்றேன்.

"நீங்க அப்பா கட்டின வீட்டுல தனியாளா காலை நீட்டிப் படுத்திருக்கீங்க. பேசுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீத்தாபதி மட்டும் சிரிக்கவில்லை. உருண்டு வந்த கல் ஒன்று அவர் காலடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, சுவர் ஓரமாக வைத்தார். அப்போது அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். பாருங்கள், சுவர்க் கல்லைச் சுவரிடமே வைக்கிறாரே என்று.

மேலே சுனைக்கரையில் சாப்பிட்டோம். இந்தக் கல் அடுக்குகிற விஷயத்தை அங்கே கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். படிக்காதவர்கள் செய்வது, ஆசையில் செய்வது, ஆசை கண்ணை மறைத்தால் சுவர் என்றும் தெரியாது கோட்டை என்றும் தெரியாது, இப்படி. இனிமேல் நம் குரூப்பில் யாராவது செய்தால் நானே தட்டிவிடுவேன் என்று சொன்னேன். சீத்தாபதி புளிசாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அக்கா அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அல்போன்ஸ் சார் விசில் ஊதிவிட்டார்.

இறங்கும்போது களஞ்சியம் வந்தது. தடத்தைப் பார்த்தேன். குச்சி இல்லை. நன்றாகப் பார்த்தேன் தம்பி, கற்பூரம் அடித்துச் சொல்வேன், மஞ்சள் எங்கும் இல்லை. சீத்தாபதி கண்ணில் படவில்லை. சரி, இன்றைக்கு ஒதுங்கவில்லை, முன்னால் போயிருப்பார் என்று நடந்தேன். இரண்டாவது வாசலில் அக்காவைப் பிடித்துவிட்டேன், அந்த வாசல் நிலையில் ஒரு யாளி இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும் என்று ஏறும்போதே நினைத்திருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போது மேலே கல் உருள்கிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்த்தார்கள். "ஆடு உருட்டும்" என்றேன். அந்த மலையில் ஆடு மேய்க்கிறார்கள், ஏறும்போது நாங்களே பார்த்தோம். ஆடு கல் உருட்டாதா?

விசில் வந்தது. கையைக் குவித்துக்கொண்டு கத்தினேன், பின்னால யாரும் இல்லை என்று. குச்சி இல்லை, அதனால் யாரும் இல்லை. நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது?

அடிவாரத்தில் புளியமரம், ஒரு டீக்கடை, அங்கேதான் வேன். அல்போன்ஸ் சார் ஏற்றும்போது தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புரொபசர், சீத்தாபதி எங்க?"

"முன்னால போயிட்டார்னு நெனச்சேன் சார்."

"நெனச்சீங்களா" என்றார். அவ்வளவுதான். விசிலை எடுத்தார், வாயில் வைத்தார், ஊதாமல் கீழே விட்டார்.

திரும்பவும் மலை ஏறினார்கள். கால் பலமுள்ளவர்கள் நாலு பேர், கூட அக்காவும். நானும் குச்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அல்போன்ஸ் சார் என் தோளில் கை வைத்து வேன் படியில் உட்கார வைத்தார். "நீங்க வந்தா உங்களையும் சேர்த்துத் தேடணும். உட்காருங்க" என்றார். என் முட்டியைப் பற்றிய அக்கறை. ஆனால் தம்பி, உட்கார்ந்திருப்பது இருக்கிறதே. எடைமேடையில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், உட்காருவது எனக்குப் புதிது இல்லை. அங்கே லாரி வரும் என்று தெரியும். இங்கே அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காக்கா கூட இறங்கி வரவில்லை.

சீத்தாபதி தன் பையை வேனிலேயே விட்டுவிட்டுத்தான் ஏறுவார், மேலே சிக்னல் இல்லை, போன் எதற்கு என்பார். பைக்குள் போன் அடித்தது. விட்டுவிட்டேன். மறுபடியும் அடித்தது. எடுத்துப் பார்த்தால் "பாப்பா" என்று வருகிறது. அவர் மகள் சிந்துஜா. எடுத்து ஹலோ என்றேன்.

"அங்கிளா? அப்பா இல்லையா? கிளம்பிட்டீங்களா?"

"இதோம்மா. அப்பா பின்னால வர்றார்" என்றேன்.

"வர்றப்ப இட்லி மாவு வாங்கிட்டு வரச் சொல்லுங்க அங்கிள். மறந்துடுவார்."

சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம்தான் ஆட்டுக்காரர் ஒருத்தர் மேலேயிருந்து ஓடி வந்தார். டீக்கடையில் கடப்பாறை கேட்டார், டிரைவரிடம் வேன் ஜாக்கியைக் கேட்டார். செவுரு சரிஞ்சு விழுந்து கால் அடியில மாட்டிக்கிச்சு, உசுரு இருக்குது, பேசறார் என்று சொன்னார். டிரைவரும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். நான் எழுந்து நின்றேன். எங்கே போவது? ஜாக்கியும் போய்விட்டது, கடப்பாறையும் போய்விட்டது. அவர் பை என் கையில் இருக்கிறது, அது திரும்பவும் அடிக்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுப் பெண், வீட்டில் தனியாக. உன் அப்பா மேல் சுவர் விழுந்துவிட்டது என்று போனில் சொல்வதா? சொல்லிவிட்டு? அவள் என்ன செய்வாள், நான் என்ன செய்வேன்?

"இன்னும் வரலையா அங்கிள்?"

"அப்பா கோட்டையைப் பார்த்துட்டு இருக்கார்மா."

"அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று கேட்டாள்.

கேட்டாள் தம்பி. ஒரு ஆள் என்னிடம் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம். நான் சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வாசலைச் சொன்னேன். யாளியைச் சொன்னேன். பீரங்கி ஏற்ற யானை வராததால் எருமை கட்டி இழுத்த கதை ஒன்று உண்டு, எந்தக் கோட்டைக் கதையோ, அட்டை இல்லாத புத்தகத்தில் படித்தது, அதை இந்தக் கோட்டை மேல் போட்டுச் சொன்னேன். கண் முழுக்கப் பாதையில் இருக்கிறது, வாய் தன் பாட்டுக்குப் போகிறது. நிறுத்தினால் அடுத்த கேள்வி அப்பா எங்கே என்றுதான் வரும். அதனால் நிறுத்தவில்லை. எருமை பாதியில் படுத்துக்கொண்ட இடத்தில் அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். போனை இரண்டு கையாலும் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆகிவிட்டது அவரைக் கொண்டுவர. இரண்டு மூங்கிலில் கம்பளியைக் கட்டி, ஆட்டுக்காரர்கள் முன்னாலும் பின்னாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அக்காவின் துப்பட்டாவால் காலைச் சுற்றியிருந்தது. என்ன கலர் துப்பட்டா என்று பார்த்துச் சொல்ல முடியாது, அவ்வளவு ரத்தம். வேனுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தபோது என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"நீங்க போகட்டும்னுதான் நின்னேன், புரொபசர்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு என்று அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். இதை நான் எத்தனை ராத்திரி யோசித்திருக்கிறேன் தெரியுமா. எப்படிப்பட்ட மனிதர் பாருங்கள். என்னை முன்னால் போகச் சொல்லி, வழி விட்டு நின்றிருக்கிறார். மரியாதை. அந்த வலியிலும் அதைச் சொல்லத் தோன்றியிருக்கிறது. வேறு எப்படி அதற்கு அர்த்தம் எடுப்பது? நீங்கள் படித்தவர், வேறு அர்த்தம் ஏதாவது தோன்றுகிறதா?

சரி, விடுங்கள்.

குச்சியும் அவரிடம்தான் இருந்தது. களஞ்சியத்துக்கு உள்ளே, சுவரில் சாய்த்து வைத்திருந்தாராம், வெளியே தெரியாத பக்கமாக. அடிக் கல்லை உருவியிருக்கிறார், பலகை மாதிரி அழகான கல், மேலே இருந்தது எல்லாம் வந்துவிட்டது. பக்கத்தில் பாதி அடுக்கு நின்றுகொண்டிருந்ததாம். அத்தனை விழுந்தும் அது மட்டும் கலையவில்லை என்று ஆட்டுக்காரர் அதிசயமாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் நாகரத்தினம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அப்போதுதான் சொன்னார்கள். ஒவ்வொரு மலையிலும் அடுக்குவாராம். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பதற்கு முன்னாலேயே சொந்த வீடா என்று கேட்கிறார்களாம், இல்லை என்றதும் காபி ஆறிவிடுகிறதாம். அதனால்தான் மலைக்கு மலை.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்றேன்.

"எல்லாருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்ககிட்ட எப்ப சொல்றது?" என்றார்கள்.

அதுவும் நியாயம்தான். நான் ராத்திரி வேலைக்காரன், பகலில் போன் அணைத்துப் படுத்துவிடுவேன், என்னைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் இவ்வளவு முக்கியமான விஷயத்தை வேனில் வரும்போதாவது சொல்லியிருக்கலாம். தெரிந்திருந்தால் நான் சுனைக்கரையில் அவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்சமாகச் சொல்லியிருப்பேன். சீத்தாபதியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கூட நின்று, விழாத கல்லாகப் பார்த்துக் கை காட்டியிருப்பேனே. எந்தச் சுவர் நிற்கும் எந்தச் சுவர் நிற்காது என்று எனக்குத் தெரியாதா? என்னிடம் ஏன் மறைத்தார்?

சிந்துஜா வராந்தாவுக்கு வந்தாள். அழுது முடித்த முகம். நான் எழுந்து நின்றேன். அப்பா கல்லுக்கடியில் இருக்கிறார் என்று தெரிந்துதான் போனில் பேசினீர்களா என்று கேட்டாள். தெரிந்துதான் என்றேன். பொய் சொல்லவில்லை. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"என்னைச் சிரிக்க வெச்சீங்களே அங்கிள்" என்றாள்.

ஆறுதலுக்குத்தானம்மா என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

இப்போது குரூப்பில் என்ன சொல்கிறார்கள்? வால் ஒழுங்காக இருந்திருந்தால் என்றுதானே? அல்போன்ஸ் சார் அதை என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. மனசு விட்டுப் போயிட்டாங்க என்று மட்டும் சொன்னார். அவரிடம் ஒன்று கேளுங்கள் தம்பி, நான் கேட்டதாக வேண்டாம், நீங்களாகக் கேட்கிற மாதிரி கேளுங்கள். குச்சி ஊன்றாத இடத்தில் வால் நிற்க வேண்டும் என்று எப்போது சொன்னார்? சட்டம் அவர்கள் போட்டதுதானே? இதை சீத்தாபதி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அக்காவே என்னைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்துவார்கள். எனக்கு வால் கூட வேண்டாம். வேனில் அந்தக் கடைசி சீட் போதும். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்றாலும் போகிறது.

காவேரிப்பட்டணத்தில் அவர்கள் இருப்பது ஒரு மாடி வீடு. வெளியே இரும்புப் படி, ஒரு ஆள் ஏறினால் எதிரே இன்னொரு ஆள் இறங்க முடியாது. அவர் அதில் இறங்கியே பல மாசம் ஆகிறதாம். கீழே கடைக்காரர் சொன்னார். கீழ் வீடு பார்க்கிறார்களாம், அமையவில்லையாம்.

போய்க் கீழ்ப்படியில் நின்று கூப்பிடுவேன். சிந்துஜா வந்து மேல்படியில் நிற்பாள். "அப்பா தூங்கறார் அங்கிள்" என்பாள். ஒவ்வொரு வாரமும் அதேதான். ஒரு வாரம் சீக்கிரம் போய்ப் பார்த்தேன், ஒரு வாரம் மத்தியானம் போய்ப் பார்த்தேன். தூங்குகிறார். மருந்து அப்படி. பகலில் தூங்குகிறவனை எழுப்புவது எவ்வளவு பெரிய பாவம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதனால் நான் வற்புறுத்துவதில்லை. கொண்டுபோன கொய்யாவைப் படியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்பேன். அடுத்த வாரம் போகும்போது பை அங்கே இருக்காது. எடுத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கண்டக்டர் குரல் கொடுக்கிறார் பாருங்கள், அடுத்தது என்னுடையதுதான். இந்தாருங்கள் உங்கள் குச்சி. நல்ல குச்சி.

போன வாரம் அப்படி நின்றுகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "பாப்பா, கொஞ்சம் தண்ணி குடு" என்று. தூக்கக் கலக்கமே இல்லாத குரல். அவள் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனால் நான் மேலே ஏறிவிடுவேன் என்று அவளுக்குப் பயம். நான் ஒரு காலை முதல் படியில் வைத்திருந்தேன், உண்மைதான். மறுபடியும் "பாப்பா" என்றார். இருமினார். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அந்தப் பெண் அப்படி நிற்பாள்? காலை எடுத்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். நான் போனால்தானே தம்பி அவருக்குத் தண்ணீர்.